பழைய விளையாட்டுகளுக்கு ஒரு கணினி: எந்தப் பாகத்தை எதற்காகத் தேர்ந்தெடுப்பது

பழைய விளையாட்டுகளுக்காகக் கணினி கட்டப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் பிராசசரிலிருந்து தொடங்குகிறார்கள். கிடைத்ததிலேயே வேகமானதை வாங்கி, அதற்கேற்ற மதர்போர்டைத் தேடி, பிறகு கிராபிக்ஸ் கார்டுக்கு வருகிறார்கள். சவுண்ட் கார்டு கடைசியாக நினைவுக்கு வரும்போது, அதைச் செருகுவதற்கான ஐஎஸ்ஏ ஸ்லாட் (பழைய வகைக் கார்டுகளுக்கான செருகுதுளை) அந்த போர்டில் இருக்காது. இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள். முதலில் விளையாட்டுகள், அடுத்து இயங்குதளம், ஒலி, ஸ்லாட்டுகள், கிராபிக்ஸ். பிராசசர் கடைசி.

விளையாடினால் போதும், பாகங்களில் ஆர்வமில்லை என்பவர்களுக்கு பழைய கணினியை இன்றைய கணினிக்குள்ளேயே போலச் செய்யும் டாஸ்பாக்ஸ் அல்லது 86பாக்ஸ் மென்பொருளே நிறைவாக வேலை செய்யும். இனி வருவது, இரும்பையே கையில் எடுக்க விரும்புகிறவர்களுக்கு.

படி 1: விளையாட விரும்பும் பத்துத் தலைப்புகளை எழுதுங்கள்

ஒவ்வொன்றுக்கும் எதிரே வெளிவந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியல் எந்த ஆண்டுகளில் குவிகிறதோ அதுதான் உங்கள் கணினியின் காலம். 1985 முதல் 2007 வரை எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் ஓட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். அது நடக்காது.

1992 வரை வந்த பல டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) விளையாட்டுகள் பிராசசரின் வேகத்தையே கடிகாரமாக வைத்து ஓடுகின்றன. 1990-இல் வந்த விங் கமாண்டரை பென்டியம் 3-இல் போட்டால், கையைச் சுட்டியில் வைப்பதற்குள் சண்டை முடிந்துவிடும். இவற்றுக்குப் பென்டியத்துக்கு முந்தைய 386 அல்லது 486 பிராசசரின் வேகம் வேண்டும்.

1993 முதல் 1997 வரையிலான டாஸ் விளையாட்டுகளுக்கு நேர் எதிரான தேவை. டூம் நல்ல 486-இல் ஓடும். குவேக் தசமக் கணக்குகளை வேகமாகப் போடும் பென்டியம் இல்லாமல் திணறும்.

1996 முதல் 2001 வரை விண்டோஸ் 98-இன் காலம், முப்பரிமாணக் கார்டுகளின் காலம். அதற்குப் பின் 2007 வரை விண்டோஸ் எக்ஸ்பி.

நடுவிலுள்ள இரண்டு காலங்களையும் ஒரே கணினியில் அடக்கலாம். முதல்முறை கட்டுகிறவர் அதைத்தான் செய்ய வேண்டும்: பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன, இணைப்பது எளிது, பழுது பார்ப்பதும் எளிது. 386, 486 போர்டுகள் இரண்டாவது முயற்சிக்கு இருக்கட்டும். காரணம் பேட்டரி. அந்த போர்டுகளில் நேரடியாகப் பற்றவைத்த பீப்பாய் வடிவ நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்து, பக்கத்திலுள்ள செப்புத் தடங்களை அரித்திருக்கும். விற்பவர் காட்டும் படத்தில் பேட்டரிக்குப் பக்கத்தில் பச்சைக் கறை தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

படி 2: ஒலியை முடிவு செய்யுங்கள்

டாஸ் விளையாட்டுகள் சவுண்ட் கார்டை நேரடியாக, டிரைவர் எதுவும் இடையில் இல்லாமல் தொடுகின்றன. குறிப்பிட்ட முகவரியில் (பெரும்பாலும் 220), குறிப்பிட்ட ஐஆர்க்யூ என்ற குறுக்கீட்டு எண்ணில் (5 அல்லது 7), நினைவகத்தோடு நேரடியாகப் பேசும் குறிப்பிட்ட டிஎம்ஏ தடத்தில் (1) கார்டு இருக்கும் என்று எதிர்பார்க்கின்றன. ஐஎஸ்ஏ கார்டு இதை இயல்பாகவே தரும். ஐஎஸ்ஏ-வுக்குப் பின் வந்த பிசிஐ வகைக் கார்டு போலியாகத்தான் தர முடியும். சவுண்ட் பிளாஸ்டர் லைவ் போன்ற பிசிஐ கார்டுகள் டாஸில் இயங்க ஈஎம்எம்386 என்ற நினைவக மேலாண்மை நிரல் பின்னணியில் ஓட வேண்டும்; அது ஓடினால் சில விளையாட்டுகள் தொடங்கவே மறுக்கும். டாஸ் உங்கள் பட்டியலில் இருந்தால் ஐஎஸ்ஏ ஸ்லாட் கட்டாயம்.

எந்த ஐஎஸ்ஏ கார்டு? பெயருக்காக சவுண்ட் பிளாஸ்டர் 16-ஐ வாங்க வேண்டியதில்லை. அதில் இரண்டு குறைகள். பல பதிப்புகளில், பதிவுசெய்த கருவி ஒலிகளைக் கொண்ட வேவ்டேபிள் துணைக்கார்டு மாட்டி மிடி இசை கேட்கும்போது சில சுரங்கள் நிற்காமல் இழுத்துக்கொண்டே போகும். இன்னொன்று, முந்தைய சவுண்ட் பிளாஸ்டர் புரோவின் ஸ்டீரியோ முறையோடு அது பொருந்தாது. அதன் பின் வந்த ஏடபிள்யூஈ64-இல், எஃப்எம் முறையில் இசையை உருவாக்கும் யமஹாவின் அசல் ஓபிஎல்3 சிப்புக்குப் பதில் கிரியேட்டிவ் நிறுவனத்தின் சொந்த மாற்று இருக்கிறது. எஃப்எம் இசை சற்று வேறாகக் கேட்கும்.

யமஹாவின் ஒய்எம்எஃப்718, ஒய்எம்எஃப்719 சிப் உள்ள கார்டுகளைத் தேடுங்கள். அசல் ஓபிஎல்3 உள்ளேயே இருக்கிறது, சவுண்ட் பிளாஸ்டர் புரோவோடு ஒத்துப்போகிறது, இரைச்சலும் குறைவு. பெயர் தெரியாத நிறுவனங்கள் செய்த கார்டுகளில்தான் இந்த சிப்புகள் அதிகம் இருக்கும் என்பதால், கார்டின் பெயரைப் பார்க்காமல் நடுவிலுள்ள பெரிய சிப்பில் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். அது கிடைக்காவிட்டால் ஈஎஸ்எஸ் ஆடியோடிரைவ் 1868 உள்ள கார்டும் நல்லது. இவையெல்லாம் பிளக் அண்ட் பிளே கார்டுகள். டாஸ் தொடங்கும்போது அவற்றை எழுப்பிவிட ஒரு சிறு நிரல் வேண்டும். யுனிசவுண்ட் என்ற இலவச நிரல் பலவகைக் கார்டுகளை எழுப்பிவிட்டு, நினைவகத்தில் தங்காமல் வெளியேறிவிடும்.

விண்டோஸ் விளையாட்டுகளுக்கென்று கூடவே ஒரு பிசிஐ கார்டும் போடலாம். ஒலி வரும் திசையைக் காட்டும் ஏ3டி வேண்டுமானால் ஆரியல் வோர்டெக்ஸ் 2, இடத்துக்கேற்ற எதிரொலியைச் சேர்க்கும் ஈஏஎக்ஸ் வேண்டுமானால் சவுண்ட் பிளாஸ்டர் லைவ். இரண்டு கார்டுகளும் ஒரே கணினியில் இருக்கலாம். பிசிஐ கார்டின் டாஸ் டிரைவரை மட்டும் நிறுவாமல் விடுங்கள், இல்லாவிட்டால் 220 முகவரிக்கு இரண்டும் மோதும்.

படி 3: மதர்போர்டு

ஒலிக்கு ஐஎஸ்ஏ, கிராபிக்ஸுக்கு ஏஜிபி, மற்றவற்றுக்குப் பிசிஐ. மூன்றும் ஒன்றாக இருந்த காலம் குறுகியது. 1998-இல் வந்த இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட் (போர்டின் பாகங்களை இணைக்கும் முதன்மைச் சிப்புகள்) அதன் உச்சம். விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு இதைத் தனி டிரைவர் இல்லாமலேயே அடையாளம் காணும். அதே காலத்து வயா சிப்செட் போர்டுகளும் ஓடும், ஆனால் அவற்றுக்கு வயாவின் 4-இன்-1 டிரைவர் தொகுப்பை முதலில் நிறுவ வேண்டும். விட்டுவிட்டால் ஏஜிபி கார்டு அடிக்கடி உறைந்து நிற்கும். பழியெல்லாம் கிராபிக்ஸ் கார்டின் மேல் விழும்.

பழைய போர்டை வாங்கும்முன் இவற்றைப் பாருங்கள்:

- கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்கிறதா. உப்பியிருந்தாலோ, பழுப்புக் கசிவு தெரிந்தாலோ மாற்றித்தான் ஆக வேண்டும். 1999-க்குப் பிந்தைய சில ஆண்டுகளின் போர்டுகளில் இது பரவலான நோய். மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட் அளவு, அதே அல்லது சற்றுக் கூடுதல் வோல்ட், 105 டிகிரி, குறைந்த ஈஎஸ்ஆர் (உள்மின்தடை) வகை.
- பிராசசரைக் கார்டு போல நிமிர்த்திச் செருகும் ஸ்லாட் 1 போர்டு என்றால் அதைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டம் கூட வருகிறதா. தனியாகத் தேடினால் அலைச்சல்.
- ஜம்பர் விவரம் உள்ள கையேடு இணையத்தில் கிடைக்கிறதா. போர்டின் மாடல் எண்ணை வைத்து வாங்கும்முன்பே தேடுங்கள்.
- பெரிய நிறுவனம் ஒன்றின் ஆயத்தக் கணினியிலிருந்து கழற்றியதா. அப்படிப்பட்ட சில போர்டுகளில் மின் இணைப்பான் பார்வைக்கு வழக்கமான ஏடிஎக்ஸ் வகை போலவே இருக்கும், கம்பிகளின் வரிசை வேறு. சாதாரண பவர் சப்ளையைச் செருகினால் போர்டு கருகும்.

"சோதிக்கப்படவில்லை" என்று எழுதி விற்கப்படும் போர்டைப் பழுதானதாகவே எண்ணி விலை பேசுங்கள்.

படி 4: ரேம்

விண்டோஸ் 98-க்கு 256 எம்பி தாராளம். 512 எம்பிக்கு மேல் போனால் அதன் கோப்புத் தற்காலிக நினைவகம் முகவரி இடத்தையெல்லாம் விழுங்கி, நினைவகம் போதவில்லை என்றே பிழை காட்டும். நிறைய இருக்கும்போது போதவில்லை என்று சொல்வதால் புதியவர்கள் குழம்புகிறார்கள்.

440பிஎக்ஸ்-இல் இன்னொரு பொறி. அது 128 மெகாபிட் வரையிலான சிப்புகளை மட்டுமே முழுதாகப் படிக்கும். ஒருபக்கம் மட்டும் எட்டுச் சிப்புகள் உள்ள 256 எம்பி ரேம் அதில் 128 எம்பியாகவே தெரியும், அல்லது கணினி எழும்பாது. இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினாறு சிப்புகள் உள்ள பிசி100 அல்லது பிசி133 ரேம் வாங்குங்கள்.

படி 5: கிராபிக்ஸ் கார்டு

கேள்வி ஒன்றுதான்: உங்கள் பட்டியலில் கிளைடு தேவைப்படும் விளையாட்டுகள் உண்டா? 1996 முதல் 1999 வரை வந்த பல விளையாட்டுகள் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் கிளைடு என்ற முப்பரிமாண வரைகலை முறையில்தான் மிகச் சிறப்பாக ஓடின. 1998-இல் வந்த அன்ரியல் நல்ல உதாரணம்.

உண்டு என்றால் அதே நிறுவனத்தின் வூடூ 3 கார்டு. இருபரிமாணம், முப்பரிமாணம் இரண்டும் ஒரே கார்டில், டாஸ் பொருத்தமும் நன்று. 16-பிட் நிறத்தில் மட்டுமே முப்பரிமாணக் காட்சி வரையும் என்பதை அந்தக் கால விளையாட்டுகளில் நீங்கள் பொருட்படுத்த மாட்டீர்கள். ஆனால் சூடு அதிகம். மின்விசிறி இல்லாத வெப்பத்தகடோடு வரும் மாடல்களில் பக்கத்தில் ஒரு சிறிய விசிறி வைக்காவிட்டால், அரைமணி நேரத்தில் திரையில் புள்ளிகள் தோன்றும்.

வூடூ 2 வேறு வகை. அது முப்பரிமாணம் மட்டும் செய்யும் பிசிஐ கார்டு; சாதாரண கார்டிலிருந்து வரும் விஜிஏ கேபிள் அதன் வழியாகத் திரைக்குப் போகும். ஒரு கார்டு 800×600 வரை. இரண்டை எஸ்எல்ஐ முறையில் இணைத்தால் 1024×768. இரண்டிலும் ஒரே அளவு நினைவகம் இருக்க வேண்டும். இடையில் போகும் அந்தக் கேபிள் மட்டமானதாக இருந்தால் விண்டோஸ் எழுத்துகள் மங்கலாகத் தெரியும். முதல் வூடூ கார்டுக்கென்றே எழுதப்பட்ட சில டாஸ் விளையாட்டுகள் வூடூ 2-இல் ஓடாது, அதையும் வாங்கும்முன் பாருங்கள்.

கிளைடு தேவையில்லை என்றால் என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 2 அல்லது ஜிஃபோர்ஸ் 4 டிஐ. மைக்ரோசாஃப்ட்டின் முப்பரிமாண முறையான டைரக்ட்3டி-யில் ஓடும் பழைய விளையாட்டுகள் பயன்படுத்திய 8-பிட் தட்டுநிற டெக்ஸ்சர்களை ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் வரைதான் கார்டுகள் ஏற்றன. 6-ஆம் வரிசையில் அது போய்விட்டது. புதிய கார்டு எப்போதும் நல்லது என்ற கணக்கு இங்கே செல்லாது. டிரைவருக்கும் இதே விதிதான். கடைசியாக வந்ததைப் போடாமல், அந்தக் கார்டு வெளிவந்த காலத்தை ஒட்டியதைப் போடுங்கள்.

ஏஜிபி மின்னழுத்தத்தில் கவனம் வேண்டும். பழைய கார்டுகள் 3.3 வோல்ட், பின்னாளில் வந்தவை 1.5 வோல்ட். வூடூ 3 முழுக்க 3.3 வோல்ட் கார்டு. பென்டியம் 4 காலத்து 1.5 வோல்ட் போர்டில் அதை வலிந்து செருகினால் போர்டு போய்விடும். செருகும் இடத்திலுள்ள வெட்டு பொருந்தவில்லை என்றால் அழுத்தக் கூடாது.

படி 6: பிராசசர்

இப்போது பிராசசருக்கு வரலாம். 440பிஎக்ஸ்-இல் 500 முதல் 700 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பென்டியம் 3, 100 மெகாஹெர்ட்ஸ் பஸ் உள்ளது, போதும். 133 மெகாஹெர்ட்ஸ் பஸ் பிராசசரைப் போட்டால் ஏஜிபி தடம் 66-க்குப் பதில் 89 மெகாஹெர்ட்ஸில் ஓடும்; சில கார்டுகள் தாங்கும், சில தாங்காது. பென்டியம் 3-இன் பிந்தைய காப்பர்மைன் வகைக்கு 1.65 வோல்ட் அளவில் மின்சாரம் வேண்டும். தொடக்ககால 440பிஎக்ஸ் போர்டுகள் சில 1.8-க்குக் கீழே இறங்கா. அப்படிப்பட்ட போர்டில் முந்தைய 2.0 வோல்ட் காட்மாய் வகையோடு நிற்பது நல்லது.

வேகம் கூடினால் டாஸில் வேறொரு தொல்லை. டர்போ பாஸ்கலில் எழுதிய நிரல்கள் தொடங்கும்போதே "ரன்டைம் எரர் 200" என்று நின்றுவிடும். நேரத்தை அளக்கும் சுழற்சி மிக வேகமாக முடிந்து, அதில் வரும் வகுத்தல் கணக்கு வழிந்துவிடுவதே காரணம். 1994-இல் வந்த ஜாஸ் ஜாக்ராபிட் இதற்குப் பெயர்போனது. திருத்த நிரல்கள் உள்ளன. பயாஸில் (கணினி எழும்போது வரும் அடிப்படை அமைப்பு நிரல்) பிராசசருக்குள் இருக்கும் எல்1 கேஷ் நினைவகத்தை அணைத்தாலும் வேகம் ஏறத்தாழ 386 அளவுக்கு விழுந்து, பல பழைய விளையாட்டுகள் ஓடத் தொடங்கும்.

இந்த இடைநிலை வேகங்கள்தான் உங்களுக்கு முக்கியம் என்றால், அதாவது பட்டியலில் 1988–1994 அதிகம் என்றால், பென்டியம் 3-ஐ விட்டுவிடுங்கள். பென்டியம் எம்எம்எக்ஸ் 233 அல்லது ஏஎம்டி கே6-2 பிளஸ், கே6-3 பிளஸ் வாங்குங்கள். செட்மல் என்ற நிரலால் கேஷையும் கிளைக் கணிப்பையும் (அடுத்த கட்டளையை முன்கூட்டியே ஊகிக்கும் வசதி) எம்எம்எக்ஸ்-இல் தனித்தனியாக அணைத்து, 386 முதல் பென்டியம் வரை பல படிகளில் வேகத்தை நிறுத்தலாம். கே6 பிளஸ் வகையில் வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கியையே டாஸிலிருந்து மாற்றலாம். ஏறும் திசையில் பார்த்தால் இவை மெதுவானவைதான். இறங்கும் திசையில் இவற்றுக்கு ஈடில்லை.

படி 7: பவர் சப்ளை

பழைய பவர் சப்ளையை அப்படியே பயன்படுத்தாதீர்கள். உள்ளிருக்கும் கெபாசிட்டர்களுக்கும் வயது அதேதான். புதியது வாங்கும்போது மொத்த வாட்டை வைத்து முடிவு செய்யக் கூடாது. இன்றைய பவர் சப்ளைகள் கிட்டத்தட்ட எல்லாச் சக்தியையும் 12 வோல்ட்டில் தருகின்றன. பழைய போர்டுகள் 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் உறிஞ்சுகின்றன. பக்கவாட்டு ஒட்டியில் +5 வோல்ட் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பென்டியம் 3-க்கு 20 ஆம்பியர் நிம்மதி. தனியே 4-முனை 12 வோல்ட் இணைப்பு இல்லாத அத்லான் எக்ஸ்பி போர்டு என்றால் 30 ஆம்பியர் தேடுங்கள். 24-முனை இணைப்பானை 20-முனை போர்டில் நான்கு முனை வெளியே நிற்கும்படி செருகலாம், தவறில்லை.

மைனஸ் 5 வோல்ட் கம்பி இப்போது வருவதில்லை. இணைப்பானில் வெள்ளைக் கம்பி இல்லாவிட்டால் அது இல்லை என்று பொருள். மிகப் பழைய சில ஐஎஸ்ஏ கார்டுகளுக்கு மட்டும் அது தேவை. மேலே சொன்ன யமஹா கார்டுகளுக்கு வேண்டாம்.

ஏடிஎக்ஸுக்கு முந்தைய ஏடி வகை போர்டானால் பி8, பி9 என்று இரண்டு இணைப்பான்கள் வரும். கறுப்புக் கம்பிகள் நடுவில் ஒன்றையொன்று தொட்டு நிற்க வேண்டும். மாற்றிச் செருகினால் அதோடு அந்த போர்டின் கதை முடிந்தது.

படி 8: சேமிப்பு

இருபது ஆண்டு ஓடிய ஹார்ட் டிஸ்க்கை நம்ப வேண்டாம். காம்பாக்ட்ஃபிளாஷ் கார்டு மின்னியல் ரீதியாகப் பழைய ஹார்ட் டிஸ்க்குகளின் ஐடிஈ முறையிலேயே பேசுவதால், எளிய ஒரு அடாப்டரில் வைத்தாலே டிஸ்க்காகத் தெரியும். தன்னை நிலையான டிஸ்க் என்று அறிவிக்கும் தொழிற்சாலை வகைக் கார்டை வாங்குங்கள். கழற்றக்கூடியது என்று அறிவிக்கும் கார்டில் விண்டோஸ் தகராறு செய்யும். சாட்டா எஸ்எஸ்டி-யை ஐடிஈ-யாக மாற்றும் அடாப்டரும் நல்ல வழி.

அளவுதான் சிக்கல். 1999-க்கு முந்தைய பல பயாஸ்கள் 32 ஜிபிக்கு மேலான டிஸ்க்கைப் பார்த்ததும் உறைந்துவிடும். இன்னும் பழையவை 8.4 ஜிபியிலும், 486 காலத்தவை 504 எம்பியிலும் நிற்கும். விண்டோஸ் 98-இன் சொந்த டிரைவர் 137 ஜிபியைத் தாண்டினால் தரவைக் கெடுத்துவிடும். 440பிஎக்ஸ் போர்டுக்கு 16 அல்லது 32 ஜிபி கார்டு எடுத்தால் இந்த வம்பு எதுவும் இல்லை.

சிடி டிரைவை விட்டுவிடாதீர்கள். 1990-களின் நடுப்பகுதி விளையாட்டுகள் பலவற்றில் இசை, டிஸ்க்கில் ஆடியோ தடங்களாகவே இருக்கிறது. டிரைவின் பின்புறமிருந்து சவுண்ட் கார்டுக்கு நான்கு முனைக் கேபிள் போகாவிட்டால், விளையாட்டு ஓடும், இசை மட்டும் கேட்காது.

திரை

டாஸின் 320×200 காட்சி நொடிக்கு 70 முறை புதுப்பிக்கப்படுகிறது, 4:3 வடிவில் பார்ப்பதற்காக வரையப்பட்டது. அகலத் திரையில் முகங்கள் பூசினாற்போல் அகன்று தெரியும். 60 ஹெர்ட்ஸ் எல்சிடி-யில் உருளும் காட்சிகள் தடுக்கும். பழைய குழாய்த் திரை (சிஆர்டி) கிடைத்தால் முதலிடம் அதற்குத்தான். அதன் மூடியை மட்டும் திறக்காதீர்கள், அணைத்த பின்னும் உள்ளே உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் நிற்கும். அடுத்தது 1600×1200 எல்சிடி. 1280×1024 திரைகள் எளிதில் கிடைக்கும், ஆனால் அவை 5:4.

எக்ஸ்பி காலத்துக்கு

இங்கே தலைவலி குறைவு. கோர் 2 டுவோ, 2 முதல் 4 ஜிபி ரேம் (32-பிட் எக்ஸ்பி நான்கையும் முழுதாகக் காட்டாது), ஜிடிஎக்ஸ் 750 டிஐ வரையிலான ஏதேனும் ஒரு ஜிஃபோர்ஸ். பயாஸில் சாட்டாவை ஐடிஈ முறையில் வையுங்கள். புதிய ஏஎச்சிஐ முறையில் வைத்தால், அதற்கான டிரைவர் இல்லாமல் நிறுவும்போதே நீலத்திரை. ஈஏஎக்ஸ் ஒலிக்கு எக்ஸ்-ஃபை கார்டு. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து அந்த வன்பொருள் ஒலிப்பாதையே நீக்கப்பட்டுவிட்டதால், அதை முழுதாகக் கேட்க எக்ஸ்பிதான் கடைசி இடம். சேஃப்டிஸ்க் என்ற பிரதித்தடுப்புப் பூட்டுள்ள பழைய டிஸ்க்குகளும் விண்டோஸ் 10-இல் ஓடா, இதில் ஓடும்.

படி 9: பெட்டிக்கு வெளியே முதல் சோதனை

1. போர்டை அட்டைப்பெட்டியின் மேல் வையுங்கள். சிஆர்2032 பேட்டரியைப் புதிதாக மாற்றுங்கள். ரேம், கார்டுகளின் தங்கமுனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள்.
2. பிராசசர், அதன் விசிறி, ஒரே ஒரு ரேம், கிராபிக்ஸ் கார்டு, சிறிய ஸ்பீக்கர். வேறெதுவும் வேண்டாம்.
3. மின்சாரம் கொடுங்கள். அவார்டு பயாஸில் ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் வந்தால் கிராபிக்ஸ் கார்டு சரியாக அமரவில்லை. இடைவிடாத ஒலி என்றால் ரேம்.
4. படம் வந்ததும் பயாஸில் இயல்பு அமைப்புகளை ஏற்றுங்கள். பிளக் அண்ட் பிளே இயங்குதளம் என்ற கேள்விக்கு "இல்லை" என்று வையுங்கள். ஐஆர்க்யூ 5-ஐயும் டிஎம்ஏ 1-ஐயும் பழைய ஐஎஸ்ஏ கார்டுக்கென ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் பிசிஐ கார்டு ஒன்று 5-ஐப் பிடித்துக்கொள்ளும், டாஸில் ஒலி வராது.
5. மெம்டெஸ்ட்86 பிளஸ் நிரலை ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் வேண்டாம்.
6. சவுண்ட் கார்டுகளை மாட்டாமலேயே விண்டோஸ் 98-ஐ நிறுவுங்கள். பிறகு சிப்செட் டிரைவர், கிராபிக்ஸ், டைரக்ட்எக்ஸ். ஐஎஸ்ஏ கார்டு அதன் பின், பிசிஐ கார்டு எல்லாவற்றுக்கும் கடைசியில். ஒவ்வொன்றுக்குப் பின்னும் ஒருமுறை மறுதொடக்கம்.

பிஎஸ்/2 கீபோர்டையும் மவுஸையும் கணினி ஓடும்போது பிடுங்கிச் செருகக் கூடாது; போர்டிலுள்ள சிறிய ஃபியூஸ் போய்விட வாய்ப்புண்டு. விண்டோஸ் 98-க்கு யுஎஸ்பி பென் டிரைவ் தானாகத் தெரியாது என்பதால், டிரைவர்களையெல்லாம் முன்கூட்டியே ஒரு சிடி-யில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சரியாக ஓடத் தொடங்கிய அன்றே காம்பாக்ட்ஃபிளாஷ் கார்டைக் கழற்றி, உங்கள் இன்றைய கணினியில் செருகி, முழுக் கார்டையும் ஒரே பிம்பக் கோப்பாகப் பிரதி எடுத்து வையுங்கள். அடுத்த டிரைவர் சோதனையில் விண்டோஸ் கெட்டுப்போனால் மீண்டும் முதலிலிருந்து நிறுவத் தேவையில்லை, அந்தக் கோப்பைத் திரும்ப எழுதினால் போதும்.